பலோமாரெஸ் மண்ணும் ஒரு விமானப்படைப் பொறியியலாளரும்

செய்து முடிக்கப்படாத குண்டொன்றுக்கு வரலாறு உண்டோ என வாசகர் வினவக்கூடும். உண்டு என்பதே நமது விடை. ஸ்பானிய நாடு அணுக்குண்டு செய்ததில்லை. எனினும் அதனைச் செய்வதற்கான கணக்குகள் அந்நாட்டிற் போடப்பட்டன. அவற்றைப் போடுவதற்கென ஒரு மனிதர் தெரிந்தெடுக்கப்பட்டார். அம்முயற்சிக்கு ஓர் இரகசியப் பெயரும் இடப்பட்டது. அம்மனிதர் கில்யெர்மோ வெலார்தே என்பவர். விமானப்படையின் பொறியியலாளராகத் தொழில் தொடங்கி, அணுப் பொறியியல் பயின்று, படையில் ஜெனரல் பதவியும் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் பதவியும் ஒருங்கே பெற்று, 2018இல் மறைந்தவர். மறைவதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர், 2016இல், அதுகாறும் காத்த இரகசியத்தை அவர் தாமே ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். அவ்வாழ்க்கையையும், அதன் நடுவே குறுக்கிட்ட பலோமாரெஸ் என்னும் சிற்றூரையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெலார்தே 1928இல் மட்ரிட் நகரிற் பிறந்தவர். 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது அவர் சிறுவர். மக்கள் வாக்களித்து அமைத்த குடியரசை எதிர்த்துத் தளபதிகள் கிளர்ந்த அப்போரில், வானமே புதிய போர்க்களமாயிற்று. இட்லர் அனுப்பிய விமானங்கள் 1937 ஏப்பிரில் 26இல், சந்தை நாளொன்றில், குவெர்னிக்கா நகரை எரித்தமையை உலகம் மறக்கவில்லை. 1939இற் குடியரசு வீழ்ந்தது. பிராங்கோவின் சர்வாதிகாரம் நிலைபெற்றது. அதே ஆண்டில் ஸ்பானிய விமானப்படை தனிப்படையாக அமைக்கப்பட்டது. வெலார்தே விமானப் பொறியியல் கற்றுச் சேர்ந்தது இப்படையிலேதான். அவர் காலத்துத் திறமைசாலி இளைஞர் பலருக்குப் பொறியியற் கல்வியின் கதவு படைமுகாம் வழியாகவே திறந்தது என்பதையும் நாம் ஈண்டு மனங்கொள்ள வேண்டும். தனிமனிதர் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எமது எண்ணமன்று.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் பிராங்கோ அரசு உலகத்தால் ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்வொதுக்கலை உடைத்தது ஐக்கிய அமெரிக்கா. 1953 செத்தெம்பரில் மட்ரிட்டிற் கைச்சாத்தான ஒப்பந்தத்தின்படி தொறெகொன், சரகோசா, மொறோன், றோத்தா ஆகிய இடங்களில் அமெரிக்கத் தளங்கள் எழுந்தன. கைம்மாறாகப் பணமும் படைக்கலமும் வந்தன. அதே ஆண்டு திசெம்பரில் ஐசனோவர் ‘சமாதானத்துக்கான அணு’ என்ற திட்டத்தை ஐக்கிய நாடுகள் சபையில் அறிவித்தார். 1951இல் நிறுவப்பட்டிருந்த ஸ்பானிய அணுச்சக்திச் சபைக்கு அமெரிக்க ஆய்வு உலை கிடைத்தது. 1958இல் பிராங்கோவே அதனைத் திறந்து வைத்தார். இளம் பொறியியலாளர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். சிக்காகோவுக்கு அருகேயுள்ள ஆர்கோன் ஆய்வுகூடத்திற் பயின்று திரும்பியவர்களுள் வெலார்தேயும் ஒருவர்.

சமாதானத்துக்கான அணுவென்றும் போருக்கான அணுவென்றும் இயற்கையில் இரண்டில்லை. யுரேனியத்தின் கரு பிளவுறும்போது வெளிப்படும் நியூத்திரன்களுட் சில, பிளவுறாத யுரேனியக் கருக்களிற் புகுந்து அவற்றைப் புளூட்டோனியமாக மாற்றுகின்றன. மின்சாரம் ஆக்கும் உலையின் சாம்பலிலேயே குண்டுக்கான மூலப்பொருள் கிடக்கிறது எனலாம். எத்தனை நியூத்திரன் தப்பும், எத்தனை உறிஞ்சப்படும், எந்த அளவிற் சங்கிலித் தாக்கம் தன்னைத்தானே தாங்கும் என்ற கணக்கை உலைக்காகப் போடக் கற்றவர், அதே கல்வியைக் குண்டை நோக்கியும் திருப்பலாம். எதை நோக்கித் திருப்புவது என்பதைச் சமன்பாடு தீர்மானிப்பதில்லை.

அணுச்சக்திச் சபையின் தலைவராயிருந்தவர் ஒத்தேரோ நவாஸ்குவெஸ், கடற்படை அதிகாரி, ஒளியியலிற் புகழ்பெற்ற விஞ்ஞானி. 1963இல் இவர் வெலார்தேயை அழைத்து, ஸ்பெயின் தன் சொந்த வளத்தைக் கொண்டு அணுக்குண்டு ஆக்க இயலுமா என ஆராயும்படி பணித்தார். இம்முயற்சிக்கு அரசின் உச்சியில் ஆதரவளித்தவர் துணைத் தலைவர் முனியோஸ் கிராண்டெஸ். இட்லருக்குத் துணையாகச் சோவியத் நாட்டின்மீது படையெடுத்த ‘நீலப் படைப்பிரிவின்’ தளபதியாயிருந்தவர் இவரே. திட்டத்துக்கு ‘இஸ்லேரோ’ எனப் பெயரிட்டனர். இஸ்லேரோ என்பது 1947இல் மனொலெத்தே என்ற புகழ்பெற்ற காளைப்போர் வீரரைக் குத்திக் கொன்ற காளையின் பெயர். தன்னை ஆட்டுவிப்பவனையே கொன்ற விலங்கின் பெயரை இத்தகைய முயற்சிக்குச் சூட்டியவர்கள் அதன் பொருளை எவ்வளவுக்கு எண்ணினரோ, நாமறியோம்.

தெரிந்தெடுத்த வழி புளூட்டோனிய வழி. யுரேனியத்தைச் செறிவூட்டும் ஆலை ஸ்பெயினின் பொருளாதாரத்துக்கு எட்டாத செலவு. மாறாக, இயற்கை யுரேனியத்தை எரித்து, காரீயகத்தால் நியூத்திரனின் வேகத்தைத் தணிக்கும் பிரெஞ்சு முறை உலையொன்று இருப்பின் புளூட்டோனியம் தானே சேரும். யுரேனியத் தாதுவோ நாட்டிலேயே இருந்தது. அத்தாதுவைப் பதப்படுத்தும் ஆலை, அந்தலூசியாவின் ஹயென் மாகாணத்து அந்தூஹார் நகரில் 1959 முதல் இயங்கிக்கொண்டிருந்தது. ஒலிவ் தோப்புகளையன்றி வேறு பிழைப்பறியாத வறிய மக்களுக்கு அது நிலையான கூலி தரும் வேலைத்தலமாயிற்று. ஆலை 1981இல் மூடப்பட்டது. அங்கு வேலை செய்தோர் பலர் பிற்காலத்தில் நோயுற்றனர்; தங்கள் நோயைத் தொழில்வழி நோயாக ஏற்குமாறு கோரி அவர்களும் அவர்களது விதவைகளும் பல்லாண்டுகள் போராடினர்.

திட்டம் தாளில் இவ்வாறு வளர்ந்துகொண்டிருந்தபோதே ஆகாயத்திலிருந்து குண்டுகள் வீழ்ந்தன.

1966 சனவரி 17. வனத்து அந்தோனியார் திருநாள். கமக்காரரும் கால்நடை வளர்ப்போரும் கொண்டாடும் நாள். தென்கிழக்குக் கரையோரத்து அல்மேரியா மாகாணத்திலே, தக்காளியும் போஞ்சியும் விளைவித்துவந்த பலோமாரெஸ் என்ற சிற்றூரின் மேலே, ஏறக்குறைய 31,000 அடி உயரத்தில், அமெரிக்க பி-52 குண்டு விமானமொன்று எரிபொருள் வழங்கும் விமானத்தோடு மோதிற்று. சோவியத் எல்லையை நோக்கி இரவும் பகலும் குண்டுகளோடு பறந்து திரும்பும் காவற் பறப்பில் ஈடுபட்ட விமானம் அது. எரிபொருள் விமானத்தில் இருந்த நால்வரும் குண்டு விமானத்தில் மூவருமாக எழுவர் மாண்டனர். நால்வர் பாராசூட் கொண்டு தப்பினர். விமானத்தில் நான்கு ஐதரசன் குண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் இரோசிமாவை அழித்த குண்டினும் எத்தனையோ மடங்கு வலிமையுடையது.

நான்கினுள் ஒன்று பெருஞ் சேதமின்றித் தரையிற் கிடந்தது. இரண்டு குண்டுகளின் சாதாரண வெடிமருந்து தரையில் மோதியதும் வெடித்தது. அணு வெடிப்பு நிகழவில்லை. ஆனால் அவற்றின் புளூட்டோனியம் நுண்தூளாகிக் காற்றோடு வயல்களிலும் வீடுகளின் மேலும் பரவிற்று. நான்காவது குண்டு கடலில் வீழ்ந்தது. அது வீழ்ந்த இடத்தைச் சரியாகச் சுட்டிக் காட்டியவர், அன்று கடலில் நின்ற பிரான்சிஸ்கோ சிமோ என்ற மீனவர். பல கப்பல்களையும் ஆழ்கடல் நீர்மூழ்கிகளையும் கொண்டு தேடிய பின், ஏறத்தாழ எண்பது நாட் கழிந்து, ஏப்பிரில் 7இல் அது மேலே எடுக்கப்பட்டது.

புளூட்டோனியம் எத்தகைய நஞ்சு என்பதைச் சற்று விளக்குவது அவசியம். அது வெளிவிடும் அல்பாக் கதிர் ஒரு தாளைக்கூடத் துளைக்காது. தோலின் மேற்படையைக் கடவாது. ஆகவே வயலில் நிற்பவனுக்கு எதுவும் தெரியாது. ஆனால் தூளை மூச்சோடு உள்வாங்கினால் அது நுரையீரலிலும் பின்னர் எலும்பிலும் ஈரலிலும் தங்கி, அங்கிருந்து அண்டிய உயிர்க்கலங்களை ஆண்டுக்கணக்கிற் சுட்டுக்கொண்டேயிருக்கும். அதன் பாதி அழிவதற்கு இருபத்து நாலாயிரம் ஆண்டுகள் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத, மணமற்ற, வலி தராத இந்நஞ்சினின்று ஒருவன் தன்னைக் காத்துக்கொள்ளும் ஒரே வழி, அது எங்கே கிடக்கிறது என அறிந்திருப்பது. அந்த அறிவே பலோமாரெஸ் மக்களுக்கு மறுக்கப்பட்டது.

தங்கள் தலைமேல் வீழ்ந்தவை எவை என்பதை அம்மக்கள் தங்கள் அரசிடமிருந்து அறியவில்லை. புக்கரெஸ்ற்றிலிருந்து ஒலித்த, பொதுவுடைமைக் கட்சியின் இரகசிய வானொலியை இரவிற் காதோடு வைத்துக் கேட்டே பலர் செய்தி அறிந்தனர். அரசினர் செய்தது வேறு. மார்ச் 8இல் உல்லாசப் பிரயாணத்துறைக்குப் பொறுப்பான மந்திரி பிராகாவும் அமெரிக்கத் தூதுவரும் நீச்சலுடை தரித்துக் கடலிற் குளித்தனர். அக்காட்சி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. குளித்தது கடலில், புளூட்டோனியம் கிடந்ததோ தக்காளித் தோட்டத்தில். இந்த எளிய வேறுபாட்டைச் சுட்டிக் காட்ட அன்றைய ஸ்பானியப் பத்திரிகை எதற்கும் உரிமை இருக்கவில்லை.

அமெரிக்கப் படையினர் நூற்றுக்கணக்கில் வந்து கூடாரமடித்தனர். பயிர்கள் பிடுங்கப்பட்டன. மிக மாசடைந்த மண் 4,810 பீப்பாய்களில் அடைக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டு, தென் கரோலினாவில் உள்ள சவன்னா ஆற்று அணு நிலையத்துக்குப் புதைப்பதற்காக அனுப்பப்பட்டது. குறைவாக மாசடைந்த நிலத்தை ஆழ உழுது மண்ணைக் கீழ்மேலாகப் புரட்டிவிட்டனர். ஐந்நூறுக்கு மேற்பட்ட இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்கு மொத்தமாக ஏழு இலட்சம் டொலரளவே வழங்கப்பட்டது. நஞ்சு அகன்றது என அறிவித்து வந்தோர் சென்றனர்.

இப்பொழுது வெலார்தேயிடம் மீள்வோம். விபத்தின் பின்னர் அணுச்சக்திச் சபையால் அங்கு அனுப்பப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். அவரது நூல் கூறுவதன்படி, சிதறிக்கிடந்த தடயங்களை ஆராய்ந்தே ஐதரசன் குண்டின் அடிப்படைச் சூட்சுமத்தை அவர் தாமாகக் கண்டறிந்தார். சிறிய அணுக்குண்டொன்றின் வெடிப்பினின்று எழும் கதிர்வீச்சைக் கொண்டு மற்றொரு பகுதியை அமுக்கி, ஐதரசன் இனத்து அணுக்களை இணையச் செய்யும் முறை அது. அமெரிக்காவில் 1951இல் உலாமும் டெல்லரும் வகுத்த இம்முறை, உலகின் மிகக் கண்டிப்பாகக் காக்கப்பட்ட இரகசியங்களுள் ஒன்றாக அன்றிருந்தது. உதவியாளர் கூட்டமோ பெரிய ஆய்வுகூடமோ இன்றி, சில எச்சங்களிலிருந்து அதனை ஊகித்தறிந்தமை உண்மையாயின், அது அசாதாரணமான அறிவாற்றல் என்பதை நாம் ஒப்புக்கொள்ளவே வேண்டும். எதிர்த்தரப்பிலுள்ளவனின் திறமையைக் குறைத்துக் கூறுவது வரலாறு எழுதும் முறையன்று.

ஆயினும் எண்ணிப் பாருங்கள். ஒரே வயல், ஒரே குளிர்காலம், ஒரே சிதறல். அங்கு வந்த பொறியியலாளர் அதனை ஒரு நூலைப் போல வாசித்துக் குண்டின் உட்பொருளை உணர்ந்தார். அங்கேயே பிறந்து, அங்கேயே உழுது, அத்தூளை மூச்சோடு வாங்கிய கமக்காரனுக்கு அந்நூலின் ஓர் எழுத்தைத்தானும் வாசித்துக் காட்டுவார் இல்லை. வெலார்தே தம் இரகசியத்தை அரசுக்காகக் காத்தார். அரசு தன் இரகசியத்தை மக்களிடமிருந்து காத்தது. இவ்விரு காவல்களையும் வேறு வேறாகப் பார்ப்பதற்கு நமக்கு இயலவில்லை.

அரசின் காவல் எவ்வாறு நடந்தது என்பதற்குச் சான்றுகள் உள. ஸ்பானிய அணுச்சக்திச் சபையும் அமெரிக்க அணுச்சக்தி ஆணைக்குழுவும் சேர்ந்து ‘இந்தாலோ’ என்ற கண்காணிப்புத் திட்டத்தை 1966இலேயே தொடங்கின. அதன்படி ஊரவர் தொகுதி தொகுதியாக மட்ரிட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டுச் சோதிக்கப்பட்டனர், சிறுநீர் அளக்கப்பட்டது, மண்ணும் காற்றும் பயிரும் அளக்கப்பட்டன. அளந்த எண்கள் அமெரிக்காவுக்குச் சென்றன. தங்கள் உடலைப் பற்றிய பதிவுகளைத் தாங்களே பார்ப்பதற்கு அம்மக்கள் 1985 வரை, கிளர்ச்சிகளின் பின்னரே, உரிமை பெற்றனர். பத்தொன்பது ஆண்டுகள்! ஓர் ஊர் முழுவதும் தான் அறியாமலே ஆய்வுகூடமாக இருந்த காலம் அது.

எதிர்த்துக் குரலெழுப்பியவர் இல்லாமலில்லை. மெதினா சிதோனியா பிரபு வமிசத்தின் சீமாட்டி லூயிசா இசபெல் என்பவர் 1967இல் பலோமாரெஸ் மக்களின் கண்டன ஊர்வலத்துக்கு முன்னின்றார். அதற்காக விசாரிக்கப்பட்டு, 1969இற் சிறை சென்றார். ஸ்பெயினின் மிகப் பழைய பிரபுக் குடும்பங்களுள் ஒன்றில் உதித்து, ‘சிவப்புச் சீமாட்டி’ எனப் பெயர் பெற்ற இவர் வரலாறு தனியே எழுதத்தக்கது. நமக்கு ஈண்டு முக்கியமானது ஒன்றே: கமக்காரர் கேட்ட வினாவுக்கு அரசு அளித்த விடை சிறைச்சாலை.

குண்டுத் திட்டம் என்னாயிற்று? வெலார்தே எழுதியிருப்பதன்படி, 1966இல் பிராங்கோ அவரை நேரில் அழைத்துத் திட்டத்தைக் காலவரையின்றி ஒத்திவைப்பதாகக் கூறினார். மனிதாபிமானம் காரணமன்று. அமெரிக்காவுக்குத் தெரிய வந்தால் விளையும் பொருளாதாரத் தண்டனையைத் தாங்க இயலாது என்ற அச்சமே காரணம். கணிப்பாய்வுகளோ தொடர்ந்தன. 1971இற் படைத்துறையின் உயர் ஆய்வு நிலையம் மீண்டும் இப்பொருளை ஆராய்ந்து, குண்டு ஆக்கல் இயலும் என முடிவுரைத்தது. சோதனைக்குரிய இடமாகக் கருதப்பட்டது, அன்று ஸ்பானியக் குடியேற்ற நாடாயிருந்த மேற்குச் சகாரா. பிரான்சு 1960இல் அல்சீரியப் பாலைவனத்திற் செய்ததும் இதுவே. ஆள்வோரின் வரைபடத்திற் பாலைவனம் எப்போதும் வெறுமையானது. அங்கே ஒட்டகம் மேய்க்கும் மனிதர் அவ்வரைபடத்தில் இடம்பெறுவதில்லை.

1972இல் கத்தலோனியாவின் வந்தெல்யோஸ் என்னுமிடத்திற் பிரெஞ்சு முறை உலை இயங்கத் தொடங்கிற்று. 1973 திசெம்பர் 19இற் பிரதமர் கரெரோ பிளாங்கோ அமெரிக்க மந்திரி கிசிஞ்சரைச் சந்தித்தார். மறுநாட் காலை பாஸ்க்கு இயக்கத்தினர் தெருவின் அடியிற் புதைத்த வெடிகுண்டால் மாண்டார். இவ்விரு நிகழ்ச்சிகளையும் முடிச்சிட்டுப் புனையப்படும் துப்பறியும் கதைகள் பல, அவற்றை விட்டுவிடுவோம். 1974இல் அமெரிக்க உளவுத்துறை, அணுவாயுதம் ஆக்கக்கூடிய நாடுகளை ஆராய்கையில், ஸ்பெயினைக் கவனத்துக்குரிய நாடாகக் குறித்தது என்பது பின்னாளில் வெளியான ஆவணத்தால் தெரியவருகிறது. 1975இல் பிராங்கோ இறந்தார். 1981இற் சர்வதேசப் பரிசோதனைக்கு ஸ்பெயின் இணங்கிற்று. 1987இல் அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திற் சேர்ந்தது. இஸ்லேரோ அவ்வளவில் முடிந்தது. வந்தெல்யோஸ் உலை 1989 ஒக்ரோபரில் நேர்ந்த தீவிபத்தின் பின் மீண்டும் இயக்கப்படவில்லை.

ஆட்சியின் இதே இயல்பைத் தலைநகரும் அனுபவித்தது. 1970 நவம்பர் 7இல் மட்ரிட் பல்கலைக்கழக நகரிலுள்ள அணுச்சக்திச் சபையின் நிலையத்தில், கதிர்த்தொழிற்பாடுடைய கழிவுநீர் கசிந்து வடிகால் வழியே மன்சனாரெஸ் ஆற்றிற் கலந்தது. அங்கிருந்து ஹராமாவுக்கும் தாகுஸ் ஆற்றுக்கும் சென்றது. அந்நீரைப் பாய்ச்சிய மரக்கறித் தோட்டங்கள் மாசுபட்டன. மக்களுக்கு ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்து, 1994இல், பத்திரிகையொன்றின் வாயிலாகவே விவரம் வெளிவந்தது.

வெலார்தே தம் பிற்கால வாழ்வை அணு இணைவு ஆராய்ச்சியிற் செலவிட்டார். சிறு எரிபொருட் குளிகையை ஒளிக்கற்றையால் அமுக்கி இணைவுச் சக்தியைப் பெறும் முறை அது. மட்ரிட் பொலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் அதற்கென ஒரு நிறுவனத்தை அமைத்து, உலக அறிஞரின் மதிப்பைப் பெற்றார். இத்துறையில் வழங்கப்படும் எட்வர்ட் டெல்லர் பதக்கமும் அவருக்குக் கிடைத்தது. பலோமாரெஸில் எவருடைய இரகசியத்தை ஊகித்தறிந்தாரோ, அவர் பெயராலேயே பதக்கம்!

அவரது நூலின் தலைப்பு, ஸ்பெயின் அணுவாயுதம் ஆக்கியிருக்கக்கூடிய காலம் என்று பொருள்படும் சொற்களோடு அமைந்துள்ளது. நம் மேல்வகுப்பு மாணவருக்கு வாக்கியத்தில் எழுவாயைத் தேடிக் காணுமாறு நாம் பயிற்றுவதுண்டு. இவ்வாக்கியத்தின் எழுவாயாகிய ‘ஸ்பெயின்’ யார்? அந்தூஹாரில் யுரேனியத் தூளைச் சுவாசித்த கூலியாளா? பலோமாரெஸின் தக்காளிச் செய்கைக்காரனா? ஹராமா ஆற்றங்கரையில் மரக்கறி பயிரிட்டவனா? இவர்களுள் ஒருவரிடமேனும் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. ஒரு கடற்படை அதிகாரி, ஒரு விமானப்படைப் பொறியியலாளர், ஒரு தரைப்படைத் தளபதி, ஒரு சர்வாதிகாரி ஆகிய நால்வருக்கிடையில் நடந்த உரையாடலுக்கே நாட்டின் பெயர் சூட்டப்பட்டது. குண்டு ஆக்கப்படாமைக்குக் காரணமும் அந்நால்வருள் ஒருவரின் கணிப்பேயன்றி மக்களின் மறுப்பன்று. மறுப்பதற்கு அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பலோமாரெஸின் மண் பற்றிய புதிய அளவீடுகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் செய்யப்பட்டபோது, அகன்றதாகச் சொல்லப்பட்ட நஞ்சு அகலவில்லை என்பது தெளிவாயிற்று. ஏறக்குறைய 50,000 கன மீற்றர் மண் இன்னும் மாசுற்றிருப்பதாகக் கணித்து, அந்நிலங்களைக் கம்பிவேலியிட்டு அடைத்தனர். புளூட்டோனியத்தின் ஓர் இனம் சிதைந்து அமெரீசியம் என்ற வேறொரு கதிர்த்தொழிற்பாட்டு மூலகமாக மாறியிருந்தமையும் காணப்பட்டது. 2015 ஒக்ரோபரில் அமெரிக்காவும் ஸ்பெயினும் அம்மண்ணை அகற்றுவது பற்றிய இணக்க அறிக்கையிற் கைச்சாத்திட்டன. ஆண்டுகள் பல சென்றும் மண் அகற்றப்படவில்லை. எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது, எவர் செலவில் என்ற பேச்சிலேயே காலம் கழிந்தது. அன்று முகமூடியும் இன்றி அம்மண்ணை வாரிய அமெரிக்கப் படையினருள் எஞ்சியோர், தங்கள் நோய்கள் அங்கு வந்தவையே எனச் சொல்லி அரை நூற்றாண்டுக்கு மேல் தங்கள் அரசோடு வழக்காடினர். 2022இல் அமெரிக்கக் காங்கிரசு நிறைவேற்றிய சட்டமொன்று அவர்களையும் கதிர்வீச்சுக்கு உட்பட்டோர் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. அச்சட்டம் பேசுவது அமெரிக்கப் படையினரைப் பற்றி மாத்திரமே; பலோமாரெஸின் ஊரவர் அதில் இல்லை.